வைரஸ் டப்பா

அனுராதாவின் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டு மேசைகள், இரண்டு கட்சிகள். ஜன்னலோர மேசை அவளுடையது, அதில் விண்டோஸ். கதவோர மேசை அவள் கணவன் அசோக்குமாருடையது, அதில் லினக்ஸ். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இரண்டு மேசைக்கும் நடுவில் நாலடி இருக்கும். அந்த நாலடியைத் தாண்டி அடுத்தவர் கீபோர்டில் கை வைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் அனுராதா இரண்டு மானிட்டருக்கும் பொட்டு வைப்பாள். அதிலும் தன்னுடையதற்குச் சந்தனம் கொஞ்சம் தாராளமாக விழும்.

இப்படிச் சமாதானமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் இந்த அக்டோபர் மாதம் விண்டோஸே குண்டைத் தூக்கிப் போட்டது. பத்தாம் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் கிடையாது, பதினொன்றுக்கு மாற வேண்டும், ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு அதற்குத் தகுதியில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. அனுராதா அதை மூடினாள். மறுநாளும் வந்தது. மறுநாளும் மூடினாள். தாலுக்கா ஆபீசில் மனு கொண்டுவருகிறவர்களிடம் 'இதுக்கு உங்களுக்குத் தகுதி இல்லைங்க' என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியவள் அவள். அதையே ஒரு மெஷின் தன்னைப் பார்த்துச் சொன்னபோதுதான் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று தெரிந்தது.

அசோக்குமாருக்கு வாயெல்லாம் பல்.

"இன்னா மேடம், உங்க கட்சிக்காரங்களே உங்கள கைவிட்டுட்டாங்களா?"

"வுட்டா வுட்டுட்டுப் போறாங்க. நீங்க அந்தப் பக்கமே நில்லுங்க."

"எட்டு வருஷத்து மெஷினு அனு. லினக்ஸ் போட்டா இன்னும் எட்டு வருஷம் ஓடும். அரை மணி நேர வேலை."

"ரெண்டாயிரத்து ரெண்டுலயும் இதே அரை மணி நேரம்தான் சொன்னீங்க."

அவன் தன் மேசைக்குத் திரும்பிவிட்டான். 2002 என்பது அந்த வீட்டில் ஒரு கெட்ட வருஷம். அந்த வருஷம் ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து, 'உன் விண்டோஸ் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும், இது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும்' என்று சொல்லி அவளுடைய மெஷினில் போட்டான். நடுவில் அது ஏதோ ஒரு கேள்வி கேட்டது. இவன் 'ஆம்' என்று தட்டினான். டிபார்ட்மென்ட் பரீட்சைக்காக மூன்று மாதம் உட்கார்ந்து அவள் அடித்து வைத்திருந்த நோட்ஸ் அத்தனையும் போயிற்று. அந்தப் பரீட்சையில் அவள் பாஸ் ஆனது நோட்ஸால் அல்ல, கோபத்தால்.

அனுராதா விண்டோஸ் கட்சி ஆனதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. 98 அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் இருந்தது. எக்ஸ்பி வந்ததும் அதன் பச்சை மேட்டையும் நீல வானத்தையும் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷம் அதை விடவில்லை. ஏழு பரவாயில்லை. எட்டில் ஸ்டார்ட் பட்டனையே காணவில்லை, ஆகவே எட்டைப் பற்றி அவள் எதிரில் யாரும் பேசக் கூடாது. பத்து வந்து அந்தப் பாவத்தைக் கழுவியது. வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அசோக்குமாரோ ஆறு மாதத்துக்கு ஒரு லினக்ஸ் மாற்றுவான். உபுண்டு என்பான், டெபியன் என்பான், மின்ட் என்பான், மறுபடி டெபியனுக்கே வருவான். ஒன்றில் நிற்கத் தெரியாத மனுஷன் என்று அவள் சொல்வாள். சொல்லும்போது கம்ப்யூட்டரை மட்டும் நினைத்துச் சொல்கிறாள் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு.

1997-ல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில், நேசகுமார் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அனுராதா அங்கே டீச்சர். வயது இருபத்திரண்டு. ஐந்து பழைய மெஷின். ஹார்ட் டிஸ்க் கிடையாது, உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் உயிர் கிடையாது. ஃபிளாப்பியைச் செருகித்தான், விண்டோஸுக்கு முந்தின டாஸை எழுப்ப வேண்டும். எழுந்ததும் அது தேதி கேட்கும், பிறகு மணி கேட்கும். ஐந்து மெஷினுக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி அடித்துக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவது? "டேட் கேட்டா என்டர். டைம் கேட்டா என்டர். ரெண்டு என்டர் தட்டிட்டு வேலையப் பாருங்க" என்பதுதான் அவள் நடத்திய முதல் பாடம்.

அசோக்குமார் அங்கே நாலாவது பேட்ச் மாணவன். அவளைவிட ஒரு வயது பெரியவன். பின் வரிசை, பேச்சே கிடையாது. அப்போது கூப்பிட்ட 'மேடம்' இன்றைக்கும் சண்டை வரும்போதெல்லாம் வரும்.

1999 மார்ச்சில் அவளுக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்த பதினைந்தாம் நாள் அசோக்குமார் தன் அக்காவோடு வந்து பெண் கேட்டான். அவளுடைய நைனா விசாரித்தார், பையன் நல்ல பையன் என்று தெரிந்தது, அனுராதாவைக் கேட்டார், அவளும் சரி என்றாள். பின் வரிசைக்காரன் மேல் அவளுக்கும் ஒரு கண் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. வைகாசியில் கல்யாணம். கல்யாணப் பந்தியில் அசோக்குமாரின் அக்கா மணியம்மை, பக்கத்து இலைக்காரியிடம், "வேலைக்கு ஆர்டர் வந்துச்சு, எங்க தம்பி முழிச்சிகினான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மணியம்மை கே.ஜி.கண்டிகை ஊர்க்காரி, மனசில் கள்ளம் கிடையாது, வாய்க்குத் தாழ்ப்பாளும் கிடையாது. அது அனுராதாவின் காதில் விழுந்தது. அன்றைக்கு உள்ளே போனது இன்றுவரை வெளியே வரவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் நேராகவே கேட்டாள்.

"வேலை வந்ததாலதான வந்து கேட்டீங்க?"

"இன்னா அனு இப்டி கேக்கற? அதுக்கு முன்னாடியே உன்கிட்ட எழுதிக் குடுத்தேனே."

"எழுதிக் குடுத்தீங்களா? என்கிட்டயா? எப்ப?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரி, வுடு" என்றான்.

அந்த 'வுடு'வை அவள் விடவே இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான் அப்படிப் பேச்சை முடிப்பான் என்று முடிவு கட்டினாள். மற்றபடி குறை சொல்ல முடியாத மனுஷன். விடியற்காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூர் போய் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் மேய்த்துவிட்டு இரவு சாப்பாட்டுக்கு முன் வந்துவிடுவான். மகளைப் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பியாயிற்று. ஆனாலும் சம்பளத் தேதியில் பணம் வந்துவிட்டதாக போன் சிணுங்கும்போதெல்லாம், இதைப் பார்த்துத்தான் வந்தானோ என்று அவள் மனசு ஒரு தடவை சுருங்கும்.

இப்போது அப்டேட் சண்டையிலும் அது வெளியே வந்துவிட்டது.

"சரிங்க, ஒரு பேச்சு. அன்னிக்கு எழுதிக் குடுத்தேன்னு சொன்னீங்களே, அந்தக் கடுதாசிய காட்டுங்க. அப்புறம் என் மெஷின்ல லினக்ஸ் இன்னா, எத வேணா போட்டுக்குங்க."

சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். "என்னக் கேட்டா? உன்கிட்ட குடுத்தத நீதான் காட்டணும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை நகராட்சி வண்டி பழைய மின்சாமான்களை வாங்க வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். அசோக்குமார் ஒரு வாரமாக அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தான். யுஎஸ்பியில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தன்னுடைய நாற்பது ஃபிளாப்பியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, உயிர் இருந்ததைக் காப்பி எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பைப் பையில் போட்டான். ஒரே ஒரு ஃபிளாப்பியை மட்டும் மேசைமேல் வைத்திருந்தான். அது வெறும் ஃபிளாப்பி. அதில் ஒன்றுமே இல்லை. லேபிள்கூட ஒட்டவில்லை.

சனிக்கிழமை அனுராதாவுக்கு லீவு, அவனுக்கு இல்லை. அவன் ரயிலுக்குப் போனதும் அவள் தன் பங்குக் குப்பையை எடுக்கப் பரண்மேல் கையை விட்டாள். பழைய சார்ஜர்கள், செத்துப்போன இரண்டு மௌஸ், கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து: 'வைரஸ். யாரும் தொடாதீர்கள்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சென்டரில் ஒரு தடவை வைரஸ் வந்தது. திரையில் இருக்கும் எழுத்துகள் முருங்கை இலை உதிர்வதுபோல ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் குவியும். பிள்ளைகள் கை தட்டினார்கள். நேசகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். அனுராதா ஒரு சட்டம் போட்டாள். சந்தேகப்பட்ட ஃபிளாப்பியைப் பிடுங்கி, லேபிளில் சிவப்பு மையால் வைரஸ் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு டப்பாவில் அடைத்துவிட வேண்டும். மெஷினுக்குத் தேதி சொல்லாவிட்டாலும் காகிதத்தில் தேதி போடாமல் இருந்தவள் அல்ல அவள். பிடுங்கியதற்குப் பதில் சென்டர் செலவில் ஒரு புது ஃபிளாப்பி கொடுத்துவிடுவாள். சென்டரை மூடியபோது, யாராவது தெரியாமல் எடுத்துப் போட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்து டப்பாவைத் தன்னோடு எடுத்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அது கூடவே வந்து பரணேறிவிட்டது.

மூடியைத் திறந்தாள். பதினொரு ஃபிளாப்பி. பெயர்களைப் படித்தாள். பரந்தாமன். காஞ்சனா. ஆனந்தன். அதற்கடுத்து, 'கே. அசோக்குமார், பேட்ச் 4'. அதன் குறுக்கே சிவப்பில், 'வைரஸ். அனுராதா. 22.9.97.'

'உன்கிட்ட குடுத்தத நீதான் காட்டணும்' என்று அவன் சொன்னானே.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோர மேசைவரை போய்விட்டாள். பிறகு நின்றாள். இருபத்தெட்டு வருஷத்து வைரஸாகவே இருக்கட்டும், தன் விண்டோஸில் அதைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்டேட் வேறு நின்றுபோன மெஷின். 'லினக்ஸ வைரஸ் ஒண்ணும் பண்ணாது' என்று அசோக்குமார் பீற்றிக்கொள்வது காதில் கேட்டது. திரும்பினாள். நாலடியைத் தாண்டினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மானிட்டருக்கு அடியில் அவளுக்காகவே அவன் ஒட்டி வைத்திருந்த பாஸ்வேர்டைப் பார்த்துத் தட்டினாள்.

எல்லாம் இடம் மாறியிருந்தாலும் தேடினால் கிடைத்தது. ஃபிளாப்பியைச் செருகியதும் டிரைவ் கரகரவென்று தொண்டையைச் செருமியது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இல்லை, திறந்தது. உள்ளே ஒரே ஒரு புரோகிராம். ஒன்றிலிருந்து நூறுவரை கூட்டுவது. பேட்ச் நாலுக்கு அவள் கொடுத்த பயிற்சி. அதை அவள் எப்படித் திருத்தினாள் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. இருபது ஃபிளாப்பியை வரிசையாகப் போடுவாள், ரன் கொடுப்பாள், ஐயாயிரத்து ஐம்பது என்று விடை வந்தால் ரெக்கார்டு நோட்டில் டிக். லிஸ்ட் கொடுத்து, எழுதிய வரிகளைத் திரையில் வரவழைத்து, ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

ஃபைலைத் திறந்தாள். பாதி குப்பைக் குறிகளாக வந்தது. நடுநடுவே எழுத்து தெளிவாக இருந்தது. பேசிக் மொழிப் புரோகிராமில் 'ரெம்' என்று ஆரம்பிக்கும் வரி, படிக்கிற மனுஷருக்காக எழுதுவது. ரன் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். இதில் அப்படி ஐந்து வரி இருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'மேடம், இது ரன் குடுத்தா வராது. லிஸ்ட் குடுத்தாதான் தெரியும். நீங்க லிஸ்ட் குடுத்துப் பாப்பீங்கன்னு நம்பி எழுதறேன்.

'எனக்கு பேசிக் ஏற்கெனவே தெரியும். அரக்கோணத்துல போன வருஷமே படிச்சிட்டேன். உங்க கிளாஸுக்காகத்தான் மறுபடி சேந்தேன்.

'நான் ரேடியோ ரிப்பேர் கடைல இருக்கேன். பெரிய வேலை இல்ல. உங்களுக்கும் இன்னும் கவர்மென்ட் வேலை கெடைக்கல. ரெண்டு பேரும் சேந்தே தேடிக்கலாம்.

'உங்களுக்கு இஷ்டம்னா, ஃபிளாப்பியத் திருப்பிக் குடுக்கும்போது இதே மாதிரி ஒரு வரி எழுதிக் குடுங்க.

'இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் எழுத வேணாம். நான் புரிஞ்சிக்குவேன். தொந்தரவு பண்ண மாட்டேன்.'

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷமல்ல, தாலுக்கா ஆபீஸ் புத்தி. எப்போது எழுதியது? ஃபைலின் தேதியைப் பார்த்தாள். 1980 ஜனவரி 1. அன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது, எழுதியவனுக்கு ஆறு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தேதி சொல்லாவிட்டால் டாஸ் தன் பாட்டுக்குப் போட்டுக்கொள்ளும் தேதி அது. டேட் கேட்டா என்டர். அவளுடைய முதல் பாடத்தை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான்.

பிறகு ஃபிளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மை கொஞ்சம் வெளுத்திருந்தது. 22.9.97. அவளே போட்ட தேதி, அவளே போட்ட கையெழுத்து. வேலைக்கு ஆர்டர் வர அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த வேலைக்கான பரீட்சைகூட அப்போது எழுதியிருக்கவில்லை. இதைவிட நல்ல சான்றிதழை எந்த ஆபீசிலும் வாங்க முடியாது.

அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். இருபத்தாறு வருஷமாக ஒரு நல்ல மனுஷனை மனசுக்குள் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தோமே என்று அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேசைமேல் லேபிள் இல்லாத அந்த வெறும் ஃபிளாப்பி கண்ணில் பட்டது. 'இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் எழுத வேணாம்.' அன்றைக்குப் பதிலுக்கு அவள் கொடுத்த புது ஃபிளாப்பி இதுதான். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஏழு மணி சுமாருக்கு அசோக்குமார் வந்தான். தன் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"இன்னா மேடம், கட்சி மாறிட்டீங்களா?"

"இங்க வாங்க" என்றாள். திரையைக் காட்டினாள்.

அவன் குனிந்து படித்தான். இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்துவிட்டான். காது சிவந்திருந்தது. "இத்தினி வருஷம் வெச்சிகினு இருந்தியா? இத இப்ப எதுக்கு எடுத்த?"

"இன்னிக்குத்தாங்க படிச்சேன்."

"இன்னிக்குத்தான்னா?"

"இன்னிக்குக் காலைல. மொத மொத." அவள் லேபிளின் சிவப்பு மையைக் காட்டினாள். "அன்னிக்கு ரன் குடுத்தேன். ஐயாயிரத்து அம்பது வந்துச்சு. டிக் போட்டுட்டேன். லிஸ்ட் குடுக்கவே இல்ல."

அவன் மெதுவாக மேசையை ஒட்டியிருந்த கட்டிலில் உட்கார்ந்தான். கை தானாக மேசைமேல் இருந்த வெறும் ஃபிளாப்பியை எடுத்தது.

"அப்ப இது?"

"வைரஸ் வந்ததுக்குப் புடுங்கினதுக்குப் பதிலா குடுத்தது. பதினோரு பேருக்கும் குடுத்தேன். நீங்க அன்னிக்கு வரல போல. மறுநாள் குடுத்திருப்பேன். சொல்லிக் குடுத்தேனா, சொல்லாம குடுத்தேனா, எனக்கு ஞாபகமே இல்லைங்க."

"சொல்லல" என்றான். "கைல குடுத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்ட. நான் போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. சரி, இதான் பதிலுன்னு புரிஞ்சிகினேன். தொந்தரவு பண்ண மாட்டேன்னு எழுதிட்டேனே, அதனால பேசாம இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்து கேட்டீங்க?"

"உங்க நைனா மாப்ள தேடறாருன்னு நேசகுமார் அண்ணன் சொன்னாரு. மனசு கேக்கல. இன்னொரு தடவ அவமானப்பட்டாலும் பரவால்லன்னு வந்தேன். நீ சரின்னுட்ட." ஃபிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மொதல்ல வேணான்னவ, நைனா சொன்னாருன்னுதான் சரின்னியோன்னு ஒரு இது இருந்துச்சு."

"இத்தினி வருஷமாவா?"

"ஆங்."

அனுராதா எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டிலின் இரண்டு பக்கத்திலும் படுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஆளுக்கொரு சந்தேகத்தை வளர்த்திருக்கிறார்கள். "எனக்கு அப்பவே இஷ்டம்தாங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதில் வெட்கப்படுவது இன்னும் வெட்கமாக இருந்தது. அவன் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். குழாய் வெகுநேரம் ஓடியது.

திரும்பி வந்தபோது அவள் ஜன்னலோர மேசையில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இன்னொன்றும் போட்டிருந்தாள். விண்டோஸ் திறந்திருந்தது. நடுவில் அந்த அறிவிப்பு. அவள் அதை மூடவில்லை.

"பேச்சு பேச்சுதான். லினக்ஸ் போடுங்க" என்றாள். "என் ஃபைல எல்லாம் மொதல்ல காப்பி எடுத்துட்டுப் போடுங்க. அது இன்னா கேள்வி கேட்டாலும் என்னக் கேட்டுட்டுத்தான் ஆம்னு தட்டணும்."

"சரிங்க மேடம்."

"தேதி கேட்டா என்டர் தட்டாதீங்க. இன்னிக்குத் தேதிய அடிங்க."

"இப்பல்லாம் அது தேதி கேக்காது அனு. அதுவே தெரிஞ்சிக்கும்."

"கேக்கலன்னாலும் அடிங்க" என்றாள். வெறும் ஃபிளாப்பியை வாங்கி, அதன்மேல் ஒரு லேபிளை ஒட்டினாள். சிவப்புப் பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதி, இன்றைய தேதியைப் போட்டு, அதற்குக் கீழே 'இஷ்டம்' என்று ஒரு வரி எழுதி அவன் கையில் கொடுத்தாள்.